குழல்விளக்குப் பொடியில் ஒளிந்திருக்கும் அருமண்

மூவண்ணப் பொடி பூசிய குழல்விளக்குகளில் இட்ரியம், யூரோப்பியம், டெர்பியம் போன்ற அருமண் தனிமங்கள் உள்ளன. வேதியியல் பயிலும் எனக்கு அவற்றுள் பச்சை ஒளி தரும் பொடியின்மீதே ஆர்வம் அதிகம். லாந்தனம் பாஸ்பேட்டில் சீரியமும் டெர்பியமும் கலந்த பொருள் அது.

நம் நாட்டு ஈயச் சுரங்கங்களின் எச்சமான அமாங்கில் கிடைக்கும் மோனசைட்டும் அருமண் பாஸ்பேட்தான். இரண்டின் படிக அமைப்பும் ஒன்றே. ஈப்போவுக்கு அருகே புக்கிட் மேராவில் 1982இல் தொடங்கி 1994இல் மூடப்பட்ட ஆலை இந்த மோனசைட்டைத்தான் பதப்படுத்தியது. அதனுடன் வந்த தோரியம் கதிரியக்கக் கழிவாக எஞ்சியது. விளக்குப் பொடியிலோ தோரியம் முன்பே நீக்கப்பட்டுவிட்டது. அதைச் சுத்தம் செய்த மோனசைட் என்றே சொல்வேன்.

ஆனால் மோனசைட்டின் பிடிவாதமும் அதனிடம் உண்டு. சிவப்பு ஒளி தரும் இட்ரியம் ஆக்சைடு நீர்த்த அமிலத்திலேயே கரையும். பச்சைப் பொடிக்கோ அடர் கந்தக அமிலமும் கடும் வெப்பமும் வேண்டும். கரைக்காமல், பொடியைப் பொடியாகவே பிரித்தெடுக்க முடியாதா?

இங்குதான் பெப்டைடு உதவுகிறது. சில அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி அது. எந்தச் சங்கிலி பச்சைப் பொடியில் ஒட்டும் என்று முன்கூட்டியே கணிப்பது கடினம். ஆகவே பாக்டீரியாவைத் தாக்கும் ‘பேஜ்’ வைரஸ்களைப் பயன்படுத்துகிறார்கள். நுனியில் வெவ்வேறு பெப்டைடு தாங்கிய கோடிக்கணக்கான வைரஸ்களைப் பொடியின்மேல் ஊற்றி, ஒட்டாதவற்றைக் கழுவிவிடுகிறார்கள். ஒட்டியவற்றைப் பிரித்து, பாக்டீரியாவில் பெருக்கி, மீண்டும் ஊற்றுகிறார்கள். பாட்டி முறத்தில் புடைப்பது போலத்தான்! சில சுற்றுகளுக்குப்பின் எஞ்சிய வைரஸின் மரபணுவைப் படித்தால் பெப்டைடின் அமைப்பு தெரிந்துவிடும். 2017இல் ஜெர்மானிய, கனடிய ஆய்வாளர்கள் இம்முறையில் பச்சைப் பொடியைப் பற்றும் பெப்டைடுகளைக் கண்டறிந்து வெளியிட்டனர்.

அவற்றைக் காந்தத் துகள்களில் பொருத்தினால் பொடியைக் காந்தத்தாலேயே இழுக்கலாம். டெர்பியத்தைத் தனியே பெற அப்போதும் அமிலம் வேண்டும்தான். ஆனால் கண்ணாடித் தூளையும் மற்றப் பொடிகளையும் அதனோடு சேர்த்து வதைக்கத் தேவையில்லை. ஆய்வுக்கூடத்துத் தூய பொடியில் ஒட்டும் பெப்டைடு, கலப்படமான கழிவிலும் அதே தெரிவுத்திறனைக் காட்டுமா என்பதுதான் என் பார்வையில் உண்மையான சோதனை.

மினமாட்டா ஒப்பந்த நாடுகள் குழல்விளக்கு உற்பத்தியை 2027க்குள் நிறுத்த 2023இல் முடிவெடுத்தன. ஆயினும் பழைய விளக்குகள் இன்னும் பல ஆண்டுகள் கழிவாக வந்துகொண்டிருக்கும். பாதரசம் இருப்பதால் அவற்றை எப்படியும் தனியே சேகரித்தாக வேண்டும்.