நான்கு வயல்களும் ஓர் ஊரின் மகசூலும்

திருநள்ளாறு, நெடுங்காடு, கோட்டுச்சேரிப் பக்கங்களில் சம்பா அறுவடை நெருங்கும்போது, விவசாயிகள் நம்மிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "ஊரில் நூற்றுக்கணக்கான வயல்கள் இருக்க, நாலு வயலை அறுத்துப் பார்த்து இன்ஷூரன்ஸ் தொகையைத் தீர்மானிப்பது எப்படி?" கேட்க வேண்டிய கேள்விதான்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர். ஆனால் பானையில் கொதிநீர் அரிசியைப் புரட்டிக்கொண்டே இருக்கிறது. வாய்க்கால் தலைப்பிலுள்ள வயலும், கடலோரக் கடைமடையில் உவர் ஏறிய வயலும் அவ்வாறு கலப்பதில்லை. ஆகவே புரட்டும் வேலையைச் சமவாய்ப்பு எண்கள் செய்கின்றன. எந்த வயல் என்பதை அவையே தீர்மானிக்கும். வயலுக்குள்ளும் தென்மேற்கு மூலையிலிருந்து எத்தனை அடி வைத்து நடப்பது என்பதை அவையே சொல்லும். அங்கே முளையடித்துக் கயிறு கட்டி, 5 மீட்டர் சதுரம் அறுக்கப்படுகிறது. இது ஹெக்டேரில் 400-இல் ஒரு பங்கு.

முன்னாளில் பிரிட்டிஷ் ஜில்லாக்களில் கிராம அதிகாரிகள் கண்ணால் பார்த்து, இத்தனை அணா விளைச்சல் என்று எழுதிவந்தனர். 1940-களில் சுகாத்மே, பான்சே ஆகியோரின் முயற்சியால் இந்த அறுவடைப் பரிசோதனை பரவியது.

ஓர் உதாரணம் கொள்வோம். நான்கு வயல்களில் 14, 12, 10, 4 கிலோ கிடைத்தன. சராசரி 10 கிலோ. ஹெக்டேருக்கு 4,000 கிலோ. 2016-இல் வந்த பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், கடந்த 7 ஆண்டுகளில் சிறந்த 5-இன் சராசரியைக் கொண்டு வரம்பு மகசூல் கணக்கிடப்படுகிறது. அது 4,500 கிலோ என்றால், குறைவு 500. காப்புத் தொகையில் ஒன்பதில் ஒரு பங்கு கிடைக்கும். "அந்த நாலு கிலோ வயல் எப்போதுமே மோசம், வேறு வயலைப் பாருங்கள்" என்று யாரேனும் 12 கிலோ வயலைக் காட்டி, நாமும் இசைந்தால், சராசரி 12 கிலோ, அதாவது 4,800. ஊருக்கே ஒன்றுமில்லை! மோசமான வயல்களையே பொறுக்கினாலோ, பொய்யாகக் குறைந்த மகசூல் பின்னாளைய வரம்பையும் தாழ்த்திவிடக் கூடும்.

நான்கு வயல் போதுமா என்றால், போதாது என்பதே நம் அபிப்பிராயம். பிழையைப் பாதியாக்க எட்டு வயல் போதும் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் பதினாறு வேண்டும். செலவும் ஆளும் இங்கேதான் குறுக்கே நிற்கின்றன.

நாலு கிலோ வயலுக்குரியவருக்கும் அதே ஒன்பதில் ஒரு பங்குதான். அவருடைய மனக்குறைக்குச் சராசரியிடம் பதில் இல்லை. ஊரார் செய்யக்கூடியது, அறுவடை நாளை முன்னதாகக் கேட்டறிந்து, கயிறு கட்டும்போதும் தராசு தூக்கும்போதும் உடனிருப்பது. எழுதிய எடையைப் படித்துப் பார்த்த பின்னரே கையொப்பமிடுவது.