கட்டையும் கல்லும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

உயிர் பிரியும் தளர்ச்சியில் எம்பெருமானை நினைக்க இயலாது போகும் என்று அஞ்சி, வலுவுள்ள இன்றே அரங்கன் திருமுன்பே விண்ணப்பித்து வைக்கிறார் பெரியாழ்வார். அவருடைய திருமொழியின் 4.10 பதிகத்தைச் சேவிக்குந்தோறும் நமக்கொரு கலக்கம் எழுவதுண்டு. தீவிர சிகிச்சைப் பிரிவில் நினைவிழந்து கிடக்கும் தகப்பனாரின் செவியில் திருநாமத்தைச் சொல்கிறோம், உதடு அசையவில்லை. வாழ்நாளெல்லாம் சேவித்தவர் கடைசியில் நழுவவிட்டாரோ?

இதற்கு விடை வராஹ சரம ச்லோகத்தில் உண்டு. உடலும் மனமும் நன்றாயிருக்கையில் தன்னை நினைத்தவன், பின்பு கட்டையாயும் கல்லாயும் கிடக்கும்போது, தானே அவனை நினைத்துப் பரமகதிக்கு அழைத்துப் போவதாக ஞானப்பிரான் பூமிப்பிராட்டிக்கு அருளிச்செய்தான். அக்கட்டையையும் கல்லையும் இழிவாகவே எண்ணியிருந்தோம். ஜவ்வாது மலைக்குப் போய்வந்தபின் அவ்வாறு எண்ணக் கூடவில்லை.

அம்மலை சந்தனத்துக்குப் பெயர்பெற்றது. சந்தனத்தின் இலையைக் கசக்கினால் மணமில்லை, வெளிமரமும் மணப்பதில்லை. மணமெல்லாம் வேரிலும் நடுவைரத்திலும். அந்த வைரமோ உயிரணுக்கள் ஒடுங்கிப்போன பகுதி! மரம் தழைத்து நிற்கும்போதே ஆண்டுக்கணக்கில் உள்ளே சேர்ந்த மணம் அது. எம்பெருமான் திருமேனியில் சாத்துவதற்கு அந்தக் கட்டையைத்தானே அரைக்கிறோம்? தழைத்திருந்த நாளில் செய்த ஸ்மரணம் இறுதியில் எங்கிருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல த்ருஷ்டாந்தம் நமக்குத் தோன்றவில்லை.

கல்லுக்கும் அங்கே குறைவில்லை. மலையை அடுத்த செங்கம் பகுதியில் நடுகற்கள் மிகுதி. அவற்றுள் எடுத்தனூர்க் கல் மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டினது. எருமைகளைக் காக்கப் பொருது பட்ட கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்காக நட்டது. கோவிவன் என்ற அவனுடைய நாய் கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றதையும் எழுதி, அதன் உருவையும் அருகே செதுக்கியிருக்கிறார்கள். பெரிய உடையாருக்குத் தன் கையாலேயே ஈமக்கடன் செய்த சக்கரவர்த்தித் திருமகனை அறிந்த நமக்கு, ஒரு நாய்க்குச் செய்த இந்தச் சிறப்பு வியப்பாயிராது. மாண்டவன் யாரையும் நினைக்கவில்லை. அவனை மற்றவர்கள் நினைத்தார்கள். அந்நினைவு 1,300 ஆண்டுகளைக் கடந்து நிற்கிறது. ஓர் ஊராரின் நினைவே இவ்வளவு நிற்குமானால், ஞானப்பிரான் 'நான் நினைக்கிறேன்' என்றதை என்னென்பது?

தகப்பனாரின் அசையாத உதட்டையே பார்த்திருக்கிறோம். அப்போது நினைப்பவன் அவரல்லன்.

பெரியாழ்வார் திருவடிகளே சரணம்.