பேசாதிருப்பது ஹயா அன்று

புற்றுநோய் என்றதும் வீட்டார் கவலைப்படுவது உயிரைப் பற்றி. புராஸ்டேட் சுரப்பியில் அந்நோய் கண்ட ஆணுக்கோ இன்னொரு கவலையும் உண்டு. அதை அவர் டாக்டரிடம் கேட்பதில்லை. பக்கத்திலிருக்கும் மனைவியிடமும் சொல்வதில்லை.

இச்சுரப்பி மூத்திரப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி, அக்ரூட் அளவில் இருக்கிறது. ஆணுறுப்பின் விறைப்புக்கான நரம்புகள் அதன் இருபக்கமும் ஒட்டிச் செல்கின்றன. முன்பெல்லாம் சுரப்பியை அகற்றும்போது இவையும் அறுபட்டன. 1982-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் டாக்டர் பாட்ரிக் வால்ஷ், நரம்புகளைக் காத்து அறுவை செய்யும் வழியைக் காட்டினார். ஆயினும் தப்பிய நரம்புகள் மீண்டும் இயங்க ஓரிரு ஆண்டுகள் ஆகலாம். சிலருக்கு அந்தச் சக்தி திரும்புவதேயில்லை. கதிர்வீச்சுச் சிகிச்சையில் இக்குறை மெல்ல மெல்ல வரும். ஹார்மோனை அடக்கும் ஊசி போட்டவர்களில் பெரும்பாலோருக்கு ஆசையே குன்றிவிடுகிறது. அது மருந்தின் வேலை; மனைவி மீது வந்த வெறுப்பல்ல.

வீட்டில் நடப்பதென்ன? தொட்டால் அதற்கு மேலும் எதிர்பார்ப்பாளோ என்று அஞ்சிக் கணவர் கைபிடிப்பதையும் விட்டுவிடுகிறார். பாயைச் சுருட்டிக்கொண்டு முன்கூடத்திற்குப் போய்விடுகிறார். மனைவியோ, தம்மைப் பிடிக்காமல் போய்விட்டதென்று எண்ணுகிறார். அல்லது நோயாளியிடம் இதையா கேட்பது என்று வாய் மூடுகிறார். ஒருவரையொருவர் நோகடிக்கக் கூடாதென்று நினைத்தே இருவரும் பிரிந்துபோகிறார்கள்.

இதற்கு ஹயா என்று பெயரிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஹயா ஈமானின் ஒரு கிளைதான். ஆனால் உம்மு ஸுலைம் (ரலி) அவர்கள் பெண்களுக்குக் குளிப்புக் கடமையாவது பற்றி நபி (ஸல்) அவர்களிடம் நேரிலேயே கேட்டார்கள். கணவன் மனைவியை ஒருவருக்கொருவர் ஆடையாக அல்குர்ஆன் (2:187) கூறுகிறது. ஊராரிடம் மறைக்க வேண்டியதைத் துணையிடமும் மறைப்பானேன்? படுக்கையறை இரகசியத்தை வெளியே பரப்புவதுதான் ஹதீஸில் தடுக்கப்பட்டது. மருத்துவரிடம் தேவையான அளவு சொல்வது அதில் சேராது.

சகோதர சகோதரிகளே! ஹைளுடைய நாட்களை நினைத்துப் பாருங்கள். அந்நாட்களில் உடலுறவு ஹராம். ஆனால் நெருக்கம் ஹராமில்லை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் மடியில் தலை சாய்த்து நபி (ஸல்) அவர்கள் குர்ஆன் ஓதியதும், அன்னையவர்கள் வாய் வைத்துப் பருகிய அதே இடத்தில் தாமும் வாய் வைத்துப் பருகியதும் அந்நாட்களில்தான். அந்த ஒரு செயல் இல்லாமலும் அன்பு காட்டலாம் என்பதை நம் வீடுகள் மாதந்தோறும் அறிந்தே இருக்கின்றன. அதை நோய்க்காலத்திற்கு ஏன் நீட்டிக்கொள்ளக் கூடாது?

தம்பதியருக்கு ஆலோசனை கூறும் மருத்துவர்களும் ஏறத்தாழ இதைத்தான் செய்யச் சொல்கிறார்கள். அமெரிக்காவில் மாஸ்டர்ஸ், ஜான்சன் என்ற இருவர் 1970-ல் வெளியிட்ட முறை இது: சில வாரங்களுக்கு உடலுறவே வேண்டாம் என்று முதலிலேயே பேசி முடிவு செய்துகொண்டு, கை, தோள், முதுகு என்று தொட்டுத் தடவி, எது இதமாயிருக்கிறது என்பதைச் சொல்லிக்கொள்வது. வென்றாக வேண்டுமென்ற அச்சம் அங்கே இல்லை. "உன் மேல் குறையில்லை, என் உடம்புதான் கேட்கவில்லை" என்று கணவர் ஒருமுறை சொல்லிவிட்டால், "நீங்க பக்கத்துல இருந்தாப் போதும்ங்க" என்று மனைவி சொல்ல வழி பிறக்கும். போதவில்லையென்றால் அதையும் சொல்ல மனைவிக்கு உரிமையுண்டு.

விறைப்புக்கான மாத்திரைகள் 1998 முதல் இருக்கின்றன. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மருந்து எடுப்பவர் அவற்றைத் தொடவே கூடாது. இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்குத் தாழும். சுரப்பியை அகற்றியவருக்கு இன்ப உச்சம் வரலாம், விந்து வெளிப்படாது என்பதையும் இருவரும் முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது.

நிகாஹ் முறிந்துவிடுமோ என்று சிலர் அஞ்சுகிறார்கள். முறியாது. ஆண்மையற்றவனுக்கு ஓராண்டுத் தவணை கொடுக்கும் சட்டம், அந்த மனைவியோடு ஒருமுறையேனும் கூடாதவனுக்கே உரியது. கூடி வாழ்ந்தபின் இயலாமற்போனவருக்கு ஹனஃபீ, ஷாஃபிஈ இரு மத்ஹபிலும் அச்சட்டம் பொருந்தாது. அதற்காக மனைவியிடம் முகங்கொடுத்துப் பேசும் கடமை அவரை விட்டு நீங்கிவிடவில்லை.

அறுவைக்குப் பின் சிறுநீர் கசிவதால் பாயைத் தனியே விரிப்போரும் உண்டு. கசிவு தொழுகைக்கும் தடையாகாது. வக்து வந்தபின் சுத்தம் செய்து, துணி கட்டி, ஒளு செய்து தொழவேண்டும். ஷாஃபிஈ மத்ஹபில் ஒவ்வொரு பர்ளுக்கும் ஓர் ஒளு. ஹனஃபீயில் ஒவ்வொரு வக்துக்கும் ஓர் ஒளு. பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் கசிவு குறைந்துவிடும். சிறுநீரை அடக்குவதுபோல் அடித்தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி அதற்கு உதவும். அதை டாக்டரிடம் கேட்டுக் கற்கப் போகும்போது மனைவியையும் உடன் அழைத்துச் செல்லலாம்.