மேப்பிள் பாகிற்கு மொத்தவிலை குறித்தல்

தமிழ் பயிலும் எமக்கு வட அமெரிக்கக் காட்டு மரத்தின் பாகோடு என்ன உறவு என்று நண்பர் சிலர் நகைக்கக்கூடும். விளைவிப்போன் ஒருவன் தன் பொருளுக்குத் தானே விலை சொல்ல வல்லனோ, அன்றிப் பிறர் சொன்ன விலையை ஏற்பதன்றி அவனுக்கு வேறு வழி இல்லையோ என்பது எந்நாட்டு உழவனுக்கும் உரிய வினாவாகும். அவ்வினாவை ஆராய்தற்கு மேப்பிள் பாகினும் தெளிந்த எடுத்துக்காட்டு எமக்குக் கிடைத்திலது. ஆகலின் அதனையே ஈண்டு எடுத்துக்கொண்டோம்.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் வடகீழ்ப் பகுதியிலும், அதனை அடுத்த கனடா நாட்டின் கீழ்ப்பகுதியிலும் சர்க்கரை மேப்பிள் என்னும் மரம் செழித்து வளர்கின்றது. பனிக்காலம் கழியும் தறுவாயில், பெப்ருவரி இறுதி தொடங்கி ஏப்ரல் வரையில், இரவில் நீர் உறையும் குளிரும் பகலில் அஃது உருகும் வெப்பமும் மாறிமாறி வரும். அந்நாட்களில் அடிமரத்திற் சிறு துளையிட்டால் தெளிந்த சாறு ஒழுகும். அச்சாற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு அளவே சர்க்கரை உண்டு. நம் பனையின் பதநீரில் நூற்றுக்குப் பத்துக்கு மேலும் இருத்தலை நோக்க இது மிகக் குறைவு. பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி வார்ப்போர் அடுப்படியிற் படும் பாட்டைக் கண்டவர், மேப்பிள் பாகு காய்ச்சுவோரின் உழைப்பையும் ஒருவாறு உணர்வர்.

ஒரு காலன் பாகிற்கு எத்துணைக் காலன் சாறு வேண்டும் என்பதற்கு ஜோன்ஸ் என்பார் 1946 ஆம் ஆண்டில் வெளியிட்ட எளிய கணக்கு ஒன்றுண்டு. 86 என்னும் எண்ணைச் சாற்றின் சர்க்கரை விகிதத்தால் வகுத்தல் வேண்டும். சர்க்கரை 2 ஆயின் 43 காலன் சாறு, 2.5 ஆயின் 34 காலனுக்குச் சற்று மேல். மரத்தின் இயல்பில் இவ்வரைப் பங்கு வேறுபாடே அடுப்பின் செலவில் ஐந்தில் ஒன்றைக் குறைத்துவிடுகின்றது. இக்காலத்திற் பெருந்தோட்டத்தார் சாற்றைச் சவ்வின் வழி அழுத்தி, நீரிற் பெரும்பகுதியை முன்னரே பிரித்துவிடும் பொறியைக் கையாளுகின்றனர். சிறு தோட்டத்தாருள் விறகையே நம்பியிருப்பார் இன்னும் பலர்.

இனி, பாகு விலைப்படும் வழிகள் மூன்று. வீட்டார்க்குச் சிறு புட்டிகளில் விற்பது முதல் வழி. ரொட்டி சுடுவார், உணவுச்சாலையார், மது வடிப்பார் முதலியோர்க்கு ஐந்து காலன் வாளிகளில் விற்பது இரண்டாவது. பலரிடமும் வாங்கி ஒன்றாகக் கலந்து, புட்டியில் அடைத்து, நாடெங்கும் அனுப்பும் பெருவணிகர்க்குப் பீப்பாய் பீப்பாயாக விற்பது மூன்றாவது. ஐக்கிய நாட்டிற் பாகு மிகுதியாக விளையும் வெர்மாண்டு மாநிலத்தில், விளைவிற் பெரும்பகுதி இம்மூன்றாம் வழியிலேயே செல்கின்றது.

பீப்பாய்ப் பாகு காலன் கணக்கிலன்றி இராத்தற் கணக்கில் விலைப்படும். ஒரு காலன் பாகு ஏறத்தாழ 11 இராத்தல் நிறையுடையது. வணிகன் முதலில் நிறுத்துப் பீப்பாயின் எடையைக் கழிப்பான். பின்னர்ச் சர்க்கரைச் செறிவை அளப்பான். அது நூற்றுக்கு 66 பங்கிற்குக் குறையின் பாகு புளிக்கும். பெரிதும் மிகின் அடியிற் கற்கண்டாய் உறையும். அதன்பின் ஒளி எத்துணை ஊடுருவுகின்றது என்று நோக்கி நிறம் வகுப்பான். வெர்மாண்டில் 2014 ஆம் ஆண்டிலும் ஐக்கிய நாடு முழுவதும் 2015 ஆம் ஆண்டிலும் ஏற்கப்பட்ட முறைப்படி, நூற்றுக்கு 75 பங்கும் அதற்கு மேலும் ஒளி ஊடுருவுவது பொன்னிறம். 50 முதல் 75 வரை அம்பர் நிறம். 25 முதல் 50 வரை கருநிறம். அதனினும் குறைந்தது மிகு கருநிறம். இறுதியாக நாவில் இட்டுச் சுவைப்பான். மரத்தில் மொட்டு விரியத் தொடங்கியபின் இறக்கிய சாற்றின் பாகு வேண்டாச் சுவையொன்று பெறுவதால், அப்பீப்பாய்க்கு மிகத் தாழ்ந்த விலையே கிடைக்கும். கருவிகள் ஐயமறக் கூறும் செய்திகளுக்கு இடையே, விலையைப் பாதியாக்க வல்ல தீர்ப்பு ஒரு மனிதனுடைய நாவில் இருப்பது வியப்பன்றோ!

இங்ஙனம் தரம் துணிந்தபின் விலை யாது? அதனை வெர்மாண்டு உழவன் குறிப்பதில்லை. அவனிடம் வாங்கும் வணிகனும் தனியே குறிப்பதில்லை. உலகிற் காய்ச்சப்படும் பாகிற் பெரும்பங்கு கனடாவின் கெபெக் மாகாணத்தினது. ஆங்கு விளைவிப்போர் சங்கம் ஒன்று, அடைத்து விற்கும் வணிகரோடு பேசி, ஒவ்வொரு தரத்திற்கும் இராத்தல் விலையை உறுதி செய்கின்றது. 2000 ஆம் ஆண்டு முதல் அது மிகுபாகைச் சேமக்கிடங்குகளில் வைத்துக் காக்கின்றது. 2004 ஆம் ஆண்டு முதல் ஒவ்வொரு தோட்டத்திற்கும் விற்பனை அளவை வரையறுத்து வருகின்றது. விளைவு மிக்க ஆண்டிற் பாகு கிடங்கிற்குள் செல்லும். குன்றிய ஆண்டில் வெளிவரும். 2021 ஆம் ஆண்டில் ஏறத்தாழ 5 கோடி இராத்தற் பாகைச் சங்கம் இவ்வாறு வெளியிட்டது. அச்சேமத்திலிருந்து 2011, 2012 ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ 3,000 டன் பாகைக் கள்வர் கவர்ந்தமையும், பல பீப்பாய்களில் நீரை நிரப்பி வைத்தமையும் உலகறிந்த செய்தி. பெருங்கிடங்கிற் புகுந்து கவரத்தக்க மதிப்பு இனிப்பிற்கு உண்டாயிற்று என்பதே, உறுதிசெய்த விலையின் வலிமைக்குச் சான்றாகும்.

எல்லைக்கு இப்பாலுள்ள வணிகன் அப்பாலும் வாங்க வல்லவனாதலின், கெபெக் விலையை அமெரிக்க நாணயத்திற்கு மாற்றிப் பார்த்து, அதனை ஒட்டியே வெர்மாண்டிலும் கொடுப்பான். கனடா நாணயத்தின் மதிப்பு இறங்கின், மரத்திலும் அடுப்பிலும் யாதொரு மாற்றமும் இன்றியே வெர்மாண்டு உழவனின் வருவாய் இறங்கிவிடும். ஆகவே பீப்பாய் விலையிற் சிறு விளைவிப்போன் செய்யத்தக்கது சிறிதே. இரண்டு மூன்று வணிகரைக் கேட்டறிதல், நற்பீப்பாயையும் தீச்சுவைப் பீப்பாயையும் கலவாமற் பிரித்து வைத்தல் என்னும் அளவில் அது முடிந்துவிடுகின்றது.

அவ்விலை அவனை எங்ஙனம் விடுகின்றது என்பதைக் கற்பனைக் கணக்கொன்றாற் காட்டுவோம். 500 துளைகள் உடைய தோட்டம் ஒன்று. துளை ஒன்றுக்குக் காற் காலன் பாகாக 125 காலன், அஃதாவது 1,375 இராத்தல் கிடைக்கின்றது. விறகு, குழாய், வடிதுணி முதலியவற்றிற்கு ஆண்டுதோறும் 1,800 டாலர் செலவு. காய்ச்சு கலமும் கொட்டகையும் தேய்வதற்கு ஆண்டுக்கு 1,500 டாலர் ஒதுக்குக. அவன் உழைப்பு 200 மணி நேரம். இராத்தலுக்கு இரண்டரை டாலராக யாவற்றையும் பீப்பாயில் விற்றால் வரவு 3,437 டாலர். முற்கூறிய இரண்டு செலவும் 3,300. எஞ்சுவன 137 டாலர். மணிக்கு எழுபது செண்ட்டும் இல்லை!

அவனோ கைப்பணச் செலவாகிய 1,800 டாலரை மட்டும் நினைந்து, 1,637 டாலர் இலாபம் என்று மகிழ்ந்திருப்பான். காய்ச்சு கலம் ஓட்டையாகும் ஆண்டில்தான் உண்மை வெளிப்படும். தன் கூலியையும் கருவியின் தேய்வையும் கணக்கில் எழுதாத உழவர் பலர் இருப்பதே வணிகர்க்குக் குறைந்த விலையிற் பாகு கிடைப்பதற்கு ஒரு காரணம் என யாம் கருதுகின்றோம்.

ஆகலின் அவன் உண்மையாக விலை குறிக்கக்கூடிய இடம் இரண்டாவது வழியாகிய வாளி விற்பனையே. ஆண்டும் இருவகையாற் கெடுவார் உளர். சிலர் பீப்பாய் விலையின்மேற் சிறிது கூட்டிச் சொல்வர். சிலர் சில்லறை விலையிற் சிறிது குறைத்துச் சொல்வர். முன்னையோர் தம் உழைப்பை இழப்பர். பின்னையோர் வாங்குவோரை இழப்பர். அடக்கவிலையொடு இலாபம் கூட்டினால் விலை என்னும் பள்ளிக்கூடக் கணக்கும் இங்கே உதவாது. ரொட்டி சுடுவான் நம் அடக்கவிலையைக் கேட்பதில்லை. பெருவணிகனிடம் அதே வாளியைத் தன் கடை வாயிலில் இறக்கி வைக்க என்ன விலை என்பதே அவன் அறிந்தது. அவ்விலையைத்தான் முதலிற் கேட்டறிதல் வேண்டும். நம் அடக்கவிலை எந்த விலைக்குக் கீழ் மறுத்துத் திரும்ப வேண்டும் என்பதை நமக்குக் காட்டும், அவனுக்குக் காட்டாது.

நிறத்தைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். பருவத்தின் கடைப்பகுதியிற் கிடைக்கும் கரும்பாகைப் பீப்பாய் வணிகன் இளம்பாகினும் தாழ்த்தியே மதிப்பது பெரும்பான்மை. ஆனால் மாவிலும் வெண்ணெயிலும் கலந்து சூட்டில் வெந்தபின்னும் சுவை நிற்பது கரும்பாகினுக்கே. பொன்னிறப் பாகின் மென்சுவை அடுப்பில் மறைந்துபோம். எனவே, பீப்பாயில் தாழ்ந்தது என்பதுகொண்டு ரொட்டிக் கடைக்காரனிடமும் தாழ்த்திச் சொல்லுதல் பேதைமை. அவனுக்கு வேண்டியதே அது.

முன்னைய தோட்டத்தானையே மீண்டும் நோக்குவோம். 45 காலனைப் புட்டிகளில் காலன் 60 டாலராக விற்று, புட்டிச் செலவு முதலியவற்றுக்குக் காலனுக்கு 8 டாலர் கழித்தால் 2,340. பத்து வாளிகளாக 50 காலனை, காலன் 44 டாலருக்கு விற்று, வாளிக்குப் பத்து டாலர் கழித்தால் 2,100. எஞ்சிய 30 காலன் பீப்பாயில் 825. ஆக 5,265. செலவு 3,300 போக நிற்பன 1,965. விற்பனைக்கென மேலும் 40 மணி நேரம் உழைத்தானெனின், மொத்தம் 240 மணிக்கு மணியொன்றுக்கு எட்டு டாலருக்குச் சிறிது மேல். இதுவும் பெருஞ்செல்வம் அன்று. எனினும் முன்னையதினும் பதினொரு மடங்கிற்கு மேல். வாளிக்காரனிடம் காலனுக்கு நான்கு டாலர் விட்டுக்கொடுத்தால் 200 டாலர் போம். முன்னர்ப் பீப்பாயால் ஆண்டு முழுதும் எஞ்சியதினும் அது மிகுதி.

இவ்வழி கெபெக்கில் அத்துணை எளிதன்று. ஆங்குத் தோட்டத்தார் சிறு கலங்களில் நேரே வீட்டார்க்கு விற்கலாம்; பெருங்கலங்களில் விற்பனவோ சங்கத்தின் ஒழுங்கிற்கு உட்பட்டவை. விலையுறுதி பெற்றார், விலை சொல்லும் உரிமையிற் சிறிது இழந்தார். எது நன்று என்பதில் அந்நாட்டாரே ஒருமித்திலர். ஐந்நூறு துளையுடையானுக்கு வெர்மாண்டின் உரிமையும், ஐயாயிரம் துளையுடையானுக்குக் கெபெக்கின் உறுதியும் பொருந்தும் என்பது எம் கருத்து.

வாளி விலையைப் பேசி முடிக்கும்போது எழுத்திற் குறிக்க வேண்டியவை சில. இன்ன நிறம், இன்ன செறிவு, வாளியொன்றில் இத்தனை இராத்தல். கொண்டு சேர்க்கும் செலவு யாருடையது. பணம் எத்தனை நாளில். வாளி திரும்புமா, திரும்பாதா. பருவம் பொய்ப்பது உண்டாதலின், வழக்கமான விளைவிற் பாதிக்கு மேல் முன்னரே வாக்களித்தல் தகாது. பத்து வாளியையும் ஏப்ரலிலேயே வாங்குவானுக்கும், மாதம் ஒன்றாகச் சனவரி வரையிற் கேட்பானுக்கும் ஒரே விலை சொல்லலாகாது. பின்னவனுக்காகப் பாகு நம் கொட்டகையிற் காத்திருக்கும்; விறகுக் கடனோ காத்திராது.