வழி சொல்லும் வடிவங்கள்

(பி.எஸ்ஸி. இயற்பியல், இரண்டாம் ஆண்டு மாணவி)

'வாயுள்ள பிள்ளை பிழைக்கும்' என்பார்கள். சென்ற கோடை விடுமுறையில் மூன்று வாரப் பயிற்சி ஒன்றுக்காக இங்கிலாந்து சென்றபோது, எனக்கு அந்த வாயே அடைத்துப்போயிற்று. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவள். ஆங்கிலம் படித்தால் புரியும். பேசப் போனால் நா எழாது. வழி கேட்கக் கூசிய அந்த நாட்களில், கேட்காமலேயே எனக்கு வழி சொன்ன சில பொருள்களைப் பற்றி இக்கட்டுரையில் கூற விழைகிறேன்.

சுரங்க ரயில் வரைபடம்

முதல் இரண்டு நாட்கள் லண்டனில் கழிந்தன. அந்நகரின் சுரங்க ரயிலுக்கு 11 தடங்கள், 272 நிலையங்கள். நிலையச் சுவரில் இருந்த வரைபடத்தைக் கண்டதும், நம் ஆய்வகப் பதிவேட்டில் வரையும் மின்சுற்றுப் படம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. மின்சுற்றுப் படத்தில் கம்பியின் நீளம் முக்கியமன்று. எது எதனோடு இணைகிறது என்பதே முக்கியம். இந்த வரைபடமும் அப்படித்தான். கோடுகள் கிடையாக, செங்குத்தாக, அல்லது 45 பாகையில் மட்டுமே செல்கின்றன. ஒவ்வொரு தடத்துக்கும் ஒரு நிறம்.

இதை 1931ஆம் ஆண்டு வரைந்தவர் ஹாரி பெக். சுரங்க ரயிலின் சமிக்ஞைப் பிரிவில் வரைவாளராக வேலை பார்த்தவர். பூமிக்கு அடியில் செல்பவனுக்கு மேலே உள்ள தெருக்களின் வளைவு எதற்கு, எங்கே ஏறி எங்கே மாறுவது என்பது தெரிந்தால் போதாதா என்று எண்ணினார். அதிகாரிகள் முதலில் ஏற்கவில்லை. 1933இல் அச்சிட்டு வழங்கியபோது பயணிகள் விரும்பி ஏற்றுக்கொண்டனர்.

ஆனால் ஒன்று: படத்தை நம்பி லெஸ்டர் சதுக்கத்திலிருந்து கோவென்ட் கார்டனுக்கு ரயிலேறினேன். இரண்டுக்கும் இடைத்தொலைவு சுமார் 260 மீட்டர்தான்! நடந்திருந்தால் ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. எந்த வரைபடமும் எதையோ காட்ட எதையோ மறைக்கிறது என்பதை அன்று கற்றேன்.

கைபிடித்துச் செல்லும் சிறுமி

பின்னர் வடக்கே நியூகாசில் நகருக்குப் பேருந்தில் சென்றோம். வழிநெடுகச் சாலைப் பலகைகளைப் பார்த்துக்கொண்டே போனேன். முக்கோணம் என்றால் எச்சரிக்கை. வட்டம் என்றால் கட்டளை. செவ்வகம் என்றால் தகவல். இலக்கணம் இவ்வளவுதான்.

அந்நாட்டில் ஒரு காலத்தில் ஊருக்கொரு விதமாகப் பலகைகள் இருந்தன. வேகமாகச் செல்லும் வண்டியிலிருந்து அவற்றைப் படிப்பது அரிதாயிற்று. ஜாக் கின்னியர் என்பவரும், அவருடைய மாணவியாக இருந்த மார்கரெட் கால்வெர்ட்டும் புதிய பலகைகளை வடிவமைத்தனர். அவை 1965 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தன. ஊர்ப்பெயரை முழுவதும் பெரிய எழுத்தில் எழுதும் வழக்கத்தையும் அவர்கள் கைவிட்டனர். சிறிய எழுத்துகளில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு தனி உருவம் கிடைக்கிறது; எழுத்தைக் கூட்டுமுன்னே கண் அதை அடையாளம் கண்டுகொள்கிறது.

பள்ளி எச்சரிக்கைப் பலகை என் மனத்தில் பதிந்துவிட்டது. பழைய பலகையில் பையன் முன்னே சென்று சிறுமியை அழைத்துப் போவான். கால்வெர்ட் தம் சிறுவயதுப் படம் ஒன்றைக் கொண்டு அதை மாற்றினார். இப்போது ஒரு சிறுமி தன்னைவிடச் சிறிய பையனைக் கைபிடித்து அழைத்துச் செல்கிறாள். தம்பியைப் பள்ளிக்கு அழைத்துச் சென்ற எனக்கு அது என் படமாகவே தோன்றியது.

செருகியின் உள்ளே

விடுதி அறையில் இருந்த மின்செருகியையும் இயற்பியல் மாணவி என்ற முறையில் ஆராய்ந்தேன். அதன் தரம் 1947இல் வகுக்கப்பட்டது. மூன்று தட்டை முனைகளில் புவித்தொடர்பு முனை சற்று நீளம். அதுவே முதலில் உள்ளே சென்று, மற்ற இரு துளைகளின் மூடிகளைத் திறக்கிறது. குழந்தை விரலையோ கம்பியையோ அந்தத் துளைகளில் விட முடியாது. செருகிக்குள்ளேயே ஓர் உருகி உண்டு. போருக்குப் பிந்தைய வீடுகளின் மின்னமைப்பு எப்படி இருக்கவேண்டும் என்று ஆராய்ந்த குழுவில் இடம்பெற்ற ஒரே பெண், மின்பொறியாளர் கரோலின் ஹேஸ்லெட் என்பதை அறிந்து மகிழ்ந்தேன்.

பெட்டியின் அடியில்

நியூகாசிலில் ஒரு நாள் சாலையைக் கடக்க நின்றேன். அருகில் வெள்ளைக்கோல் ஏந்திய முதியவர் ஒருவர் வந்தார். சமிக்ஞைப் பெட்டியின் அடிப்புறத்தில் கையை வைத்துக்கொண்டு அமைதியாக நின்றார். பச்சை விளக்கு எரிந்த அதே கணத்தில் நடக்கத் தொடங்கினார். ஒலி ஏதும் எழவில்லை. அவர் சென்றபின் நானும் கையை விட்டுப் பார்த்தேன். விரல் நுனியளவே உள்ள ஒரு சிறு கூம்பு அங்கே இருந்தது. அடுத்த முறை பச்சை எரிந்தபோது அது என் விரலடியில் சுழன்றது! 1980களில் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் உருவான அமைப்பு அது. தினந்தோறும் அதைக் கடந்து செல்லும் பலருக்கு அது இருப்பதே தெரியாது. தேவைப்படுபவருக்குத் தெரிகிறது, அது போதும்.

அங்கே எல்லாம் சிறப்பு என்று நான் சொல்லவில்லை. லண்டன் சுரங்க ரயில் நிலையங்களில் படியேறாமல் செல்லக்கூடியவை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். பழைய வீடுகளில் சுடுநீருக்கு ஒரு குழாய், குளிர்நீருக்கு ஒரு குழாய்; கை ஒன்றில் வெந்து, மற்றொன்றில் விறைத்துப்போகும்.

நாம் செய்யக்கூடியது

என் அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. ஒருமுறை ஊர் மாறிப் போகும் பேருந்தில் ஏறிவிட்டார். நடத்துநர், "போர்டைப் பாத்து ஏற மாட்டியா?" என்று சத்தம் போட்டு நடுவழியில் இறக்கிவிட்டார். வீடு வந்த அம்மா, "படிக்காத எம்மேலதான் தப்பு" என்றார். அன்று நானும் அப்படித்தான் எண்ணினேன். பெட்டியின் அடியில் சுழன்ற அந்தக் கூம்பைத் தொட்டபின் அப்படி எண்ண முடியவில்லை. பார்வையில்லாதவருக்கும் வழி சொல்ல முடியுமென்றால், எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் சொல்ல முடியும். நிறம் போதும், படம் போதும்.

நண்பர்களே, நம் கல்லூரியில் சேர்க்கை நாளன்று நானும் அம்மாவும் தவறான வரிசையில் இரண்டு மணி நேரம் நின்றோம். அறிவிப்பு இருந்தது, அச்சடித்த எழுத்தில், கதவோரத்தில். வரும் ஆண்டு சேர்க்கைக்கு முன், வாயிலிலிருந்து அலுவலகம்வரை ஒரு நிறக்கோடும், கட்டணம் செலுத்துமிடம்வரை வேறொரு நிறக்கோடும் தரையில் வரைவோம். இரண்டு டப்பா வண்ணமும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போதும். முதல்வர் அவர்களும் பேராசிரியப் பெருமக்களும் அனுமதி தந்தால், தூரிகையோடு முதலில் வந்து நிற்பவள் நானாக இருப்பேன். கோடு சரியாக விளங்குகிறதா என்று நடந்து பார்த்துச் சொல்ல, அம்மாவையும் அழைத்து வருவேன்.