பழைய தோட்டப் படங்களில் சேலை ஏன் கறுப்பு?

கேள்வி: தன் அம்மா காலத்தில் பெண்கள் சிவப்புச் சேலையைத்தான் ஆசையாகக் கட்டுவார்கள் என்று எங்கள் அம்மாயி சொல்லுவார். ஆனால், நூறு வருடத்துக்கு முந்திய படங்களில் கொழுந்தெடுக்கும் பெண்கள் எல்லாரும் கறுப்புத் துணியில் நிற்கிறார்களே! துரைமார் கொடுத்த சீருடையா?
— வாசகி ஒருவர், பசறை

பதில்: நல்ல கண் உங்களுக்கு. அம்மாயி சொன்னதை நம்பலாம்.

சீருடை இல்லை. தோட்டத்தில் கொடுத்தது கம்பளி. அதுவும் இனாமல்ல, சம்பளத்தில் கழித்துக்கொள்வார்கள். மழைக்குத் தலையில் போடும் அந்தக் கம்பளி மெய்யாகவே கறுப்பு. படத்தில் தலைமேல் தடித்த துணி தெரிந்தால் அதுவாக இருக்கலாம். சேலையின் கதை வேறு. 'படம் பழசாகிக் கறுத்துவிட்டது' என்பாரும் உண்டு. பழைய படம் பெரும்பாலும் மஞ்சளித்து வெளிறுமே தவிரக் கறுக்காது.

கோளாறு, அந்தக் காலத்தில் படம் பிடித்த கண்ணாடித் தகட்டில். 1850களில் வந்தது ஈரக் கொலோடியன் முறை: கண்ணாடியில் ஒரு பசைக் கரைசலைப் பூசி, வெள்ளி உப்பில் தோய்த்து, காய்வதற்குள் படமெடுத்துக் கழுவிவிட வேண்டும். அந்த வெள்ளி உப்பு நீலத்தையும் ஊதாவையும்தான் உணரும். சிவப்புக்கு அது குருடு. சிவப்புச் சேலையிலிருந்து வரும் ஒளி தகட்டில் எதையும் செய்யாது. அப்படி ஒளி பதியாத இடம் அச்சிடும்போது கறுப்பாக விழும். நீலம் நேர்மாறு. நமுனுகல மலைக்கு மேலே வானம் எவ்வளவு நீலமாக இருந்தாலும் படத்தில் வெறும் வெள்ளைத் தாள்.

தோலுக்கும் இதே கதிதான். பழுப்புத் தோல் திருப்பி அனுப்புவது பெரும்பாலும் சிவப்பும் மஞ்சளும். ஆகவே நம் முன்னோர் இருந்ததைவிடக் கறுப்பாகப் பதிவானார்கள். அந்தப் படங்களைப் பார்த்தே நம்மவரின் நிறத்தை எழுதிவைத்தவர்களுக்கு இது தெரிந்திருக்குமா என்பது என் சந்தேகம்.

ஓவியருக்கு இந்தத் தொல்லை இல்லை. அமெரிக்க ஓவியர் வின்ஸ்லோ ஹோமர் 1876இல் 'பருத்தி பறிப்பவர்கள்' வரைந்தார்: பருத்திக் காட்டில் இரண்டு கறுப்பினப் பெண்கள். துணிக்கு என்ன நிறம் என்பது அவர் கையில் இருந்தது. ஏறத்தாழ அதே சமயம், 1875இல் இலங்கைக்கு வந்த புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரன், களுத்துறையில் தோட்டத் தொழிலாளரையும் கிராமத்தவரையும் படமெடுத்தார். ஆட்களை ஓவியம் போலவே நிறுத்தத் தெரிந்தவர்; ஆனால் நிறத்தைத் தகடல்லவா தீர்மானித்தது!

பிறகு வந்த ஆர்த்தோகுரோமேட்டிக் தகடு, அதாவது பச்சை, மஞ்சளையும் உணரும் தகடு, சிவப்பைக் காணவில்லை. எல்லா நிறத்தையும் உணரும் பான்குரோமேட்டிக் தகடு 1906இல்தான் விற்பனைக்கு வந்தது. பதுளைக்கு ரயில் வந்த 1924இல்கூடச் சிவப்பைக் காணாத தகடுகள் புழக்கத்தில் இருந்தன.

சோதித்துப் பார்க்க விருப்பமா? போன் கேமராமேல் நீலக் கண்ணாடித்தாளை இரண்டு மடிப்பாக வைத்து, கறுப்பு வெள்ளையில் அம்மாயியின் சிவப்புச் சேலையைப் படமெடுங்கள். பக்கத்தில் ஒரு நீலச் சேலையும் இருக்கட்டும். எது கறுக்கிறது, எது வெளுக்கிறது என்று அம்மாயிக்கே காட்டலாம்.