பேறுகாலமும் பொருளுதவியும்

"பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறவி" என்பர் நம் பெரியோர். குழந்தை பிறந்தபின் இரத்தப்போக்கு மிகுந்தால், நல்ல உடல்நலமுள்ள தாயும் சில மணி நேரத்தில் உயிரிழக்கக்கூடும். பிறந்தவுடன் தாய்க்குப் போடும் ஆக்சிடோசின் ஊசி அந்த ஆபத்தைப் பெரிதும் குறைக்கிறது. ஆகவே மருத்துவமனைப் பிரசவமே பாதுகாப்பானது என்பதை நாம் அறிவோம்.

அரசு மருத்துவமனையில் கட்டணம் இல்லையே, பின் ஏழைத் தாய் ஏன் தயங்குகிறாள்? நாமே கணக்குப் போட்டுப் பார்ப்போம். அவளுடைய களையெடுப்புக் கூலி நின்றுவிடுகிறது. துணைக்கு வருபவரின் கூலியும் போகிறது. வண்டிச் செலவு, சாப்பாட்டுச் செலவு வேறு. கட்டணம் இல்லை என்பதும் செலவு இல்லை என்பதும் ஒன்றல்ல.

இக்குறையைப் போக்கவே தமிழ்நாட்டில் மகப்பேறு நிதியுதவித் திட்டம் 1987இல் தொடங்கியது. 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரை அது தாங்கி நிற்கிறது. உதவித்தொகை 2006இல் 6,000 ரூபாயாகவும், 2011இல் 12,000 ரூபாயாகவும் உயர்ந்தது. 2018இல் ஊட்டச்சத்துப் பொருள்களையும் சேர்த்து 18,000 ரூபாயாயிற்று. 2011இல் மத்திய அரசு கொண்டுவந்த ஒரு திட்டத்தால் அரசு மருத்துவமனைகளில் மருந்து, பரிசோதனை, இரத்தம், உணவு, போக்குவரத்து ஆகியவையும் தாய்க்கு இலவசமாயின. 108 ஆம்புலன்சும் 2008 முதல் தமிழ்நாட்டில் ஓடுகிறது.

ஆனால் பணம் தானாக வீடு தேடி வராது. கருவுற்ற 12 வாரத்துக்குள் கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்ய வேண்டும். தாயின் பெயரில் வங்கிக் கணக்கு வேண்டும். தொகை தவணைகளாகவே வரும். பதிவு தாமதித்தால் பணமும் தாமதிக்கும். கை வறண்ட வேளையில் கந்துவட்டிக்காரரின் வாசல்தான் கண்ணில் படும்.

இத்தொகை 19 வயது நிறைந்தவருக்கு, முதல் இரண்டு பேறுகளுக்கே உரியது. அதற்குள் அடங்காத தாய்க்கும் இலவச மருத்துவம் உண்டு. "பணம் கிடைக்காதாம்" என்று அவள் வீட்டிலேயே தங்கிவிடலாகாது.

அன்புத் தோழியரே, படித்த நம்மால் ஆகக்கூடியது என்ன? பக்கத்து வீட்டு அக்காவின் விண்ணப்பத்தைப் படித்துச் சொல்லலாம். வங்கிக்குத் துணையாகப் போகலாம். பதிவுக்குரிய நாளை நினைவூட்டலாம். நாம் கற்ற எழுத்து ஒரு தாயின் உயிர் காக்க உதவுமானால், அக்கல்விக்கு அதைவிடப் பெரிய பயன் வேறென்ன வேண்டும்?